வல்லாரை கொடுத்தால் போதுமா?

"சார், அப்பாவுக்கு ஞாபகமறதி ஜாஸ்தியாயிடுச்சு. வல்லாரை கொடுக்கலாமா?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். சித்த மருத்துவர்தானே, உடனே தலையாட்டுவார் என்ற நம்பிக்கை! "இப்போ என்ன மாத்திரை சாப்பிடறார்?" என்பதுதான் என் முதல் கேள்வி. "அது இங்கிலீஷ் மருந்து சார், நிறுத்திட்டோம்" என்று பதில் வந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

அல்ஸைமர் நோய்க்குத் தரப்படும் கேலன்டமைன் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐரோப்பாவில் பனி உருகும் நேரத்தில் பூக்கும் ஸ்னோடிராப் என்ற சின்னஞ்சிறு செடியிலிருந்து! 1950-களில் பல்கேரியாவில் அதை மருந்தாக்கினார்கள். இளம்பிள்ளைவாத பாதிப்புகளுக்குப் பயன்பட்டது. 2001-ல்தான் அமெரிக்கா அதை அல்ஸைமருக்கு அனுமதித்தது. இன்னொரு மருந்தான ரிவாஸ்டிக்மைனுக்கு முன்னோடி, மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையில் உள்ள ஒரு சத்து. அந்த அவரை சரியான விஷம்! ஆக, நீங்கள் நிறுத்திய 'இங்கிலீஷ் மருந்து'க்கும் ஒரு செடிதான் தாய்வீடாக இருக்கலாம்.

மூளையில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் இந்த நோயில் குறைந்துபோகிறது. இருப்பது சீக்கிரம் சிதையாமல் இந்த மருந்துகள் பார்த்துக்கொள்ளும். நோயைக் குணமாக்காது; சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும், அவ்வளவுதான். குமட்டல் வரும், நாடித்துடிப்பு குறையலாம். செடியில் பிறந்த மருந்து என்பதால் பக்கவிளைவு இல்லாமல் போய்விடாது.

எல்லா மூலிகையும் இப்படித் தேறிவிடவில்லை. ஜின்கோ இலைச்சாற்றை அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சுமார் ஆறு வருடம் பார்த்தும், மறதி நோய் வருவதை ஜின்கோ தடுக்கவில்லை என்று 2008-ல் முடிவு வந்தது. நம்ம மஞ்சளில் உள்ள குர்குமினோ, வயிற்றிலிருந்து ரத்தத்தில் சேருவதே சொற்பம்.

வல்லாரைக்கு எங்கள் மருத்துவத்தில் பெரிய மரியாதை உண்டு. எலிகளிடம் செய்த ஆராய்ச்சிகளிலும் நல்ல அறிகுறி தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஜின்கோவுக்குச் செய்த மாதிரி பெரிய சோதனையை வல்லாரைக்கும் செய்யுங்கள் என்று எங்கள் துறைக்காரர்களிடம் வாதாடுகிறேன். "பரம்பரை மருந்துக்கு எதுக்குய்யா பரீட்சை?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்!

பெரியவருக்கு மறதி என்றால் முதலில் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மனச்சோர்வும் மறதி மாதிரியே வேஷம் போடும். இவற்றுக்கெல்லாம் நல்ல சிகிச்சை இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஜின்கோவை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு ஏற்படலாம்.

வல்லாரைத் துவையலா? சாப்பாட்டோடு தாராளமாக அரைத்துப் போடுங்கள். டாக்டர் தந்த மாத்திரையையும் வேளை தவறாமல் நீங்களே எடுத்துக் கொடுங்கள். டப்பா மட்டும் அவர் கைக்கு எட்ட வேண்டாம். சாப்பிட்டதை மறந்து இன்னொன்றைப் போட்டுக்கொண்டுவிடுவார்.