கொறங்காடு தரிசாகுமா?

நிலத்தை உழாமல் விட்டிருப்பவன் சோம்பேறி என்பது நம்மவரிற் பலருடைய எண்ணம். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களிலும், கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களின் வறண்ட பாகங்களிலும் உள்ள கொறங்காடுகளைக் காணும் அயலூரார் அவற்றைத் தரிசென்றே நினைக்கின்றனர். இது பிழையென்றும், கொறங்காட்டை உழுதழிப்பது கால்நடைச் செல்வத்தின் வேரை அறுப்பதாகுமென்றும் எடுத்துக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

கொறங்காடு தானாக முளைத்த காடன்று. குடியானவர்கள் அறிந்து அமைத்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவைப் போத்து நட்ட உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம் ஆகிய மூன்றும் அதன் அங்கங்கள். புல்லினூடே நரிப்பயறு, செப்பு நெருஞ்சி முதலிய பயற்றினச் செடிகள் படர்ந்து தீனிக்குச் சத்தூட்டுகின்றன. கோடையிற் புல் காய்ந்தபோது வெள்வேலங்காய் தீனியாகிறது. அதைத் தின்ற கால்நடைகளின் சாணத்தோடும் புழுக்கையோடும் வித்துப் பரவி மரமும் பெருகுகிறது.

இப்பக்கங்களில் வருஷத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது, அதுவும் நிச்சயமில்லை. கொழுக்கட்டைப் புல் பல்லாண்டு நிலைப்பது, ஆழ வேரூன்றுவது. மேற்றாள் காய்ந்தாலும் வேர் உயிரோடிருந்து அடுத்த மழையில் தளிர்க்கும். மண்ணைக் காற்றும் வெள்ளமும் கொண்டுபோகாமற் காக்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கிய காங்கேயம் மாடு இம்மேய்ச்சலில் வளர்ந்ததேயாம்.

என் குற்றத்தையும் ஒளியாமற் சொல்லவேண்டும். உத்தியோகத்திற் புகுந்த புதிதில், நான்கு ஏக்கர் கொறங்காடு வைத்திருந்த ஒரு பெரியவரை, அதனை உழுது சோளம் விதைக்கும்படி வற்புறுத்தினேன். முதல் வருஷம் தட்டு நன்றாக விளைந்தது. அடுத்த இரண்டு வருஷங்களும் மழை தவறிற்று. தட்டும் இல்லை, புல்லும் இல்லை. பசுக்களைச் சந்தைக்கு ஓட்டிச் சென்ற அன்று அவர் என்னைக் கடியவில்லை. “புல்லு இருந்திருந்தா மாடு இருந்திருக்குமுங்க” என்று மட்டும் கூறினார்.

எனினும், உழாமல் விடுவதொன்றே போதாது. வருஷமெல்லாம் ஓயாமல் மேய்த்தால் கொழுக்கட்டை நலிந்து, கால்நடை தின்னாத களைகளும் சீமைக் கருவேலும் குடியேறும். ஆகையால் காட்டை இரண்டு மூன்று பாகமாக அடைத்து மாற்றி மாற்றி மேய்க்கவேண்டும். மழைக்குப்பின் ஒரு பாகத்தையேனும் விதை முற்றி உதிருமட்டும் மேய்க்காமல் வைக்கவேண்டும். செம்மறியாடு புல்லை அடியொட்டக் கறிக்குமாதலால், மாடு மேய்ந்த பின்னரே அதனை அளவாக விடுதல் நலம். புல் குன்றிய இடத்தில் மழைக்காலத் துவக்கத்தில் ஏக்கருக்கு 2½ முதல் 3 கிலோ விதை தூவலாம். புது விதை சரியாக முளையாது. அறுத்து 6 முதல் 8 மாதம் வைத்திருந்த விதையே ஏற்றது. சீமைக் கருவேலங் கன்றுகளை இளமையிலேயே வேரோடு பிடுங்கிவிடவேண்டும்.

ஒரு பாகத்தை அடைத்துவிட்டால் மாடு எங்கே போகும் என்று சிறு நிலக்காரர் கேட்பது நியாயமே. அண்டைக் காட்டுக்காரர் இருவர் மூவர் கூடி, ஒருவர் காடு ஓய்ந்திருக்கையில் மற்றவர் காட்டில் மேய்க்க உடன்பட்டால் இச்சங்கடம் குறையும். கிராம அதிகாரிகள் முன்னின்று இத்தகைய உடன்பாட்டை முடித்து வைக்கலாம். இலாகாவினராகிய நாமும், இறவை நிலமுள்ளோருக்குக் கம்பு நேப்பியர் கரணை கொடுப்பதோடு நில்லாமல், மானாவாரிக் குடியானவருக்குக் கொழுக்கட்டை விதையும் காலத்திற் கிடைக்கச் செய்யவேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

உழாத நிலமெல்லாம் தரிசன்று. கொறங்காட்டை உழ எண்ணியுள்ளவர், மழை தவறும் வருஷத்தில் தம் மாட்டுக்கு எதைப் போடுவது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பாராக.

— ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர்