மழை பொய்த்தது இயற்கை... மக்கள் மடிந்ததும் இயற்கையா? கூரம் ஏரியும் தாது வருஷப் பஞ்சமும்

காஞ்சிபுரம் அருகே உள்ள சின்ன ஊர் கூரம். இங்கே கிடைத்த பல்லவர் செப்பேடு 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்து ஆவணம் அது. கோயில் தானத்தோடு ஓர் ஏரியைப் பற்றியும் அது பேசுகிறது. பெயர் பரமேசுவர தடாகம். பாலாற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவர ‘பெரும்பிடுகு’ என்ற கால்வாயும் வெட்டப்பட்டது.

1,300 வருஷத்துக்கு முன்னால் எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

மழையை நம்ப முடியாத ஊர்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். பசிபிக் கடல், இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலை மாறினால் இந்த மழையும் ஏறி இறங்கும். எல் நினோ, லா நினா என்று நியூஸில் கேட்பது இதைத்தான். மனிதன் கரியை எரிக்கத் தொடங்கும் முன்பே இருந்த இயற்கையான ஊசலாட்டம் இது.

பெய்யும்போது பிடித்து வை, பெய்யாதபோது செலவு பண்ணு. ஏரியின் லாஜிக் அவ்வளவுதான். ஆனா வெட்டினால் மட்டும் போதாது, பராமரிக்கணும். இதே மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. அதில் ஒன்று ஏரி வாரியம்.

1876-ல் என்ன நடந்தது?

தாது வருஷம். மெட்ராஸ் மாகாணத்தில் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதன் காரணத்தைத் தேடியது. 1870 முதல் 1876 வரை பசிபிக் குளிர்ந்து கிடந்தது. 1877-ல் மிகக் கடுமையான எல் நினோ, கூடவே இந்தியப் பெருங்கடலிலும் பெரிய வெப்பநிலை மாற்றம். வறட்சி இந்தியாவோடு நிற்கவில்லை. சீனா, பிரேசிலிலும் அதே காலத்தில் பஞ்சம்.

வறட்சிக்குக் காரணம் கடல். சரி, சாவுக்கு?

இந்தியாவில் மட்டும் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்த நேரத்திலும் இங்கிருந்து தானியம் ஏற்றுமதியானது. சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் மட்டும் போதும் என்று 1877-ல் கூலியைக் குறைத்தார் ரிச்சர்ட் டெம்பிள். இது உயிர் வாழவே போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். அரிசி இருந்த இடத்திலும், அதை வாங்க மக்களிடம் காசு இல்லை. 1880-ல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதன் பிறகுதான் பஞ்ச நிவாரண விதிகள் வந்தன.

இன்னைக்கு நமக்கு என்ன?

2015-ல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 50 சதவீதத்துக்கு மேல் கூடுதல். சென்னையும் காஞ்சிபுரமும் மூழ்கின. அடுத்த வருஷமே 62 சதவீதம் பற்றாக்குறை. 12 மாத இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும்!

இப்போ அந்தப் பழைய ஊசலாட்டத்தோடு மனிதர்கள் உண்டாக்கிய வெப்பமும் சேர்ந்திருக்கு. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் கொட்டும்போது இன்னும் பலமாகக் கொட்டும்.

எல் நினோவை யாராலும் நிறுத்த முடியாது. ஆனா வரத்துக் கால்வாயில் யார் வீடு கட்டலாம், ஏரி எப்போது தூர்வாரப்படும், ரேஷனில் எவ்வளவு அரிசி இருப்பு இருக்கணும் என்பதெல்லாம் மனிதர்கள் எடுக்கிற முடிவு. கிராம சபையில் அடுத்த முறை ஏரி விஷயம் வரும்போது, கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான்.