பட்டப்பகலில் எதற்கு மகாராஜா?

இந்த அக்கினி நட்சத்திரத்தில் என் பொறுமையைத் தீர்த்துக் கட்டியது வெயில் அல்ல, ‘ராயல் லுக்.’ மதுரைப் பக்கம் உறவில் ஒரு காதுகுத்து. முகூர்த்தம் காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள். பத்திரிகை வந்த மறுநாள் வாட்ஸப்பில் தனியாக ஒரு தாக்கீது: எல்லாரும் அரச உடையில் வரவும். குழந்தைக்கு ஒரு வயசு. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் தடவி, அது காய்வதற்குள் மண்டபத்துக்குத் தூக்கி வந்து, மெரூன் வெல்வெட் ஷெர்வானிக்குள் பிள்ளையைத் திணித்தார்கள். மேலே ஒரு தலைப்பாகை. ஈரச் சந்தனத்தில் பாகை அப்பிக்கொண்டது. பிள்ளை வீறிட்டான். போட்டோகிராபர், “தம்பி, கெத்தா இங்க பாருங்க” என்றார். காது குத்தும்போதுகூட அவன் அப்படி அழவில்லை.

விசேஷம் என்றால் ராஜா மாதிரி இருக்க வேண்டும். ராஜா மாதிரி என்றால் கழுத்திலிருந்து முழங்கால்வரை ஜரிகை அடைத்த கனத்த துணி. இது இப்போது மறுபேச்சில்லாத வேதமாகிவிட்டது. நான் கேட்பது ஒன்றுதான். எந்த ஊர் ராஜா, ஐயா?

அந்த மண்டபத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ராஜா நிற்கிறார். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, புதுமண்டபத்துத் தூணில். திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். அவர் அரண்மனைத் தூண்களைக் கட்டிப்பிடிக்க இன்றைக்கும் ஒரு ஆள் கை போதாது. ஆடம்பரத்துக்கு அவரிடம் குறைச்சல் இல்லை. அவர் சிலையைப் போய்ப் பாருங்கள். கைகூப்பி நிற்கிறார். கழுத்தில், கையில் நகை. இடுப்பில் வேலைப்பாடு செய்த வேட்டி. இடுப்புக்கு மேலே? ஒன்றும் கிடையாது. தொப்பை தெரிய, வெற்றுடம்போடு, ராணிகள் பக்கத்தில் நிற்க, ஜம்மென்று நிற்கிறார். அவரைப் பார்த்து யாரும் “இவர் யார், சமையல்காரரா?” என்று கேட்டதில்லை.

அவருக்குத் துணிக்குப் பஞ்சமா, தைக்க ஆள் இல்லையா? அந்தப் புதுமண்டபத்திலேயே தையல்காரர்கள் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருந்ததை மதுரைக்காரர்கள் அறிவார்கள். அவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியது சமீபத்தில்தான். பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து ரவிக்கை வரை அத்தனையும் நாயக்கர் காலடியில் தைத்துக் கொடுத்தார்கள். அவர் ஒரு கோட்டுக்கு அளவு கொடுக்கவில்லை.

வெயிலைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு நம் ஈவென்ட் மேனேஜர்களுக்குத் தெரியாது. புதுமண்டபமே வசந்த விழாவுக்காக எழுப்பியது. சுற்றிலும் தண்ணீர் நிறுத்தக் கால்வாய் வெட்டி, நடுவே சாமியைக் குளிர்ச்சியாக உட்கார வைத்தார்கள். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றியவரும் நாயக்கர்தான் என்பது மதுரை வழக்கு. சித்திரையில் கல்யாணம் வைத்த ராஜா சட்டையில்லாமல் நிற்கிறார். அதே சித்திரையில் காதுகுத்து வைத்த நம் ஆட்கள் வெல்வெட்டில் வேகிறார்கள்.

நாயக்கரை விடுங்கள், சோழனைப் பிடி என்பீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்றில், ராஜராஜன் என்று சொல்லப்படும் ஓவியத்திலும் மேலுடம்பில் துணி இல்லை. திருவிதாங்கூர் சித்திரைத் திருநாள் மகாராஜா பத்மநாப சுவாமியைச் சேவிக்கப் போனதும் வெற்று மார்போடுதான். ஆனால் நம் ஆட்களுக்குச் சோழன் என்றால் 2022-இல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ படம்தான். அதற்கு முன் ‘பாகுபலி.’ படம் ஓடி முடிந்ததும் நகைக்கடையில் ஒரு கலெக்‌ஷன், துணிக்கடையில் ஒரு கலெக்‌ஷன். ஏ.சி. ஃப்ளோரில், கட் சொன்னதும் விசிறிக்கொள்ளும் நடிகருக்குத் தைத்த உடுப்பை, பவர் கட்டான கல்யாண மண்டபத்தில் மாட்டிக்கொண்டு சித்தப்பா நிற்கிறார்.

ஷெர்வானி கதையும் கேளுங்கள். அது ஆதிகால ராஜ உடையே இல்லை. வெள்ளைக்காரன் போட்ட நீளக் கோட்டின் சாயலில், 19-ஆம் நூற்றாண்டில் வடக்கே உருவானது. நவாபுகள் போட்டார்கள், சரி. அலிகார் கல்லூரிப் பையன்களும் போட்டார்கள், ஐதராபாத் நிஜாமின் உத்தியோகஸ்தர்களும் போட்டார்கள். ஆபீஸ் உடுப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து அரியணையில் உட்காருகிறோம். அந்த அரியணையும் ஃபைபரில் செய்து தங்கப் பெயின்ட் அடித்தது. சாய்ந்தால் ஷெர்வானியில் ஒட்டும்.

நிஜமான அரச குடும்பங்கள்கூடப் பகலில் இப்படிக் கூத்தடிப்பதில்லை. லண்டனில் பகல் நிகழ்ச்சிக்குத் தொப்பி. டியாரா பெரும்பாலும் பொழுது சாய்ந்தபிறகு. மணப்பெண்ணுக்கு விலக்கு உண்டு.

சாப்பாட்டுப் பந்திக்கு வாருங்கள், அங்கேதான் ராஜாக்களின் வண்டவாளம். முழுக்கை, மணிக்கட்டில் கெட்டி ஜரிகை, மடித்துவிட வழியில்லை. இலையில் ரசம் ஓடுகிறது. அண்டை நாட்டு மன்னர் ஒருவர் இடது கையால் வலது கைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, முழங்கையைத் தூக்கி, ஒவ்வொரு கவளத்தையும் குறிபார்த்து வாய்க்குள் எறிந்துகொண்டிருந்தார். வாடகைத் துணியில் கறை பட்டால் அட்வான்ஸ் திரும்பாது. பாயசம் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டார். பாயசத்தை மறுத்த ராஜாவை நான் எந்தச் சரித்திரத்திலும் படித்ததில்லை. அவர் பக்கத்தில் வேட்டி சட்டையில் வந்த பெரியவர் இரண்டாம் முறை வாங்கினார்.

பெண்கள் பாடு இதைவிட மோசம். ஒட்டியாணம், வங்கி, நெற்றிச்சுட்டி, அதற்கு மேல் ‘பொன்னியின் செல்வன்’ நந்தினி கொண்டை. எல்லாம் வாடகை செட். குனிந்து தாம்பூலம் எடுக்க ஒருத்தி, நிமிர்த்திவிட இன்னொருத்தி.

சேலம் வெண்பட்டு வேட்டி என்று ஒன்று இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. மயில்கண் கரை வேட்டி இருக்கிறது. காற்று புகும், கட்டினால் கம்பீரம், கறை பட்டால் துவைக்கலாம், அடுத்த விசேஷத்துக்கும் ஆகும். அதை நெய்கிறவர்கள் தறியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். நாம் ஒரு காலைப் பொழுதுக்குப் பாலியெஸ்டர் வெல்வெட்டுக்கு வாடகை கட்டிவிட்டு, பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டதாக ஸ்டேட்டஸ் போடுகிறோம்.

எனக்கு உண்மையில் எரிந்தது வேறொரு இடத்தில். இத்தனை பேர் ராஜா என்றால் சேவகன் யார்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. வாசலில் இரண்டு கல்லூரிப் பையன்கள், கேட்டரிங் ஆட்கள். மார்புக்கவசம், தலையில் பிளாஸ்டிக் கிரீடம் மாதிரி ஒன்று, கையில் ஈட்டி. வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம். வெயில் நேராக முகத்தில். ஒருவன் கவசத்தை விலக்கி விலக்கிச் சொறிந்துகொண்டிருந்தான். தம்பி, எத்தனை மணிவரை என்றேன். “கடைசிப் பந்தி முடியிறவரைக்கும் சார், அப்புறம் எலை எடுக்கணும்” என்றான். உங்கள் ராஜபோதைக்கு ஒரு கல்லூரிப் பையனை ஈட்டியோடு வாசலில் குனிய வைக்கிறீர்களே, அதற்கு எந்த நாயக்கரையும் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

சாயங்கால ரிசப்ஷனுக்கு என்ன வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள், கிரீடம், உடைவாள், மயிலிறகு விசிறி, எதுவும். 6 மணிக்கு மேல் நான் வாய் திறக்க மாட்டேன். காலை விசேஷத்தில் மட்டும், அந்த ஈட்டியை வாங்கி மூலையில் சாத்திவிட்டுப் பையன்கள் இருவரையும் முதல் பந்தியில் உட்கார வையுங்கள். ரசத்துக்குக் கையை மடித்துவிட்டுக்கொள்ளத் தோதான பழைய சட்டை அவர்கள் பையில் இருக்கும்.