'நோ ரெயின்' ஜாலிப் பாட்டு இல்லீங்க

பிளைண்ட் மெலன் குழுவோட 'நோ ரெயின்' கேட்டவங்க யாரைக் கேட்டாலும் செம ஜாலிப் பாட்டுன்னுதான் சொல்வாங்க. (நம்ம வகுப்புல கேட்டவங்க மொத்தம் நாலு பேர் இருந்தா அதிகம், அது வேற கதை.) நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். சோம்பல் முறிக்கற மாதிரி ஒரு கிதார், கூடவே விரல் சொடுக்கற சத்தம், அதுக்கு மேல ஷானன் ஹூனோட லேசா கீச்சுன்னு இருக்கற குரல். மூணரை நிமிஷம் ஓடும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூக்கு முட்ட சாப்பிட்டுட்டு ஃபேனுக்குக் கீழ பாயைப் போட்டுப் படுத்தா எப்படி இருக்கும், அப்படி ஒரு ஹாயான பாட்டு.

ஆனா என்ன பாடறாங்கன்னு ஒரு தடவை கவனிச்சுக் கேளுங்க. ஒருத்தன் நாள் பூரா தூங்கறான். ஏன் தூங்கறேன்னு அவனுக்கே தெரியல. புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு அதுக்குள்ள ஒளிஞ்சுக்கறான். கூட ஒருத்தர் இருந்தா தேவலைன்னு கேக்கறான். இதுல ஜாலி எங்க இருக்கு?

பாட்டை எழுதினது ஹூன் இல்ல, பேஸ் கிதார் வாசிச்ச பிராட் ஸ்மித். மிசிசிப்பியில இருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்த புதுசுல, இந்தக் குழு சேர்றதுக்கு முன்னாடியே எழுதினது. அப்போ அவரோட காதலிக்கு மன அழுத்தம். வெளிய பளிச்சுன்னு வெயில் அடிச்சாலும் அந்தப் பொண்ணு படுத்தே கிடக்குமாம், மழையே பெய்யலையேன்னு குறைப்படுமாம். அதைப் பத்தித்தான் எழுதறோம்னு நினைச்சு எழுதியிருக்கார். அப்புறம்தான் அது தன்னைப் பத்தின பாட்டுன்னே புரிஞ்சதுன்னு பேட்டியில சொல்லியிருக்கார். எழுதின ஆளே இவ்வளவு லேட்டுன்னா நம்மளையெல்லாம் குறை சொல்லிப் பிரயோஜனமில்ல.

அப்புறம் எப்படி இது ஜாலிப் பாட்டா ஆச்சு? இங்கதான் என்னோட பி.காம் மூளை கொஞ்சம் வேலை செய்யுது. அவங்களோட முதல் ஆல்பம் வந்தது 1992 செப்டம்பர்ல. பெருசா போகல. 1993ல 'நோ ரெயின்' வீடியோ வந்துச்சு. எடுத்தவர் சாமுவேல் பேயர், நிர்வாணாவோட முதல் பெரிய ஹிட்டுக்கு வீடியோ எடுத்த அதே ஆள். குண்டா, கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பொண்ணு தேனீ வேஷத்துல மேடையில ஆடும். எல்லாரும் சிரிப்பாங்க. அழுதுக்கிட்டே ஓடி ஊரெல்லாம் சுத்தி, கடைசியில ஒரு கேட்டுக்கு அந்தப் பக்கம் பச்சைப்பசேல்னு ஒரு வெளி, அங்க தன்னை மாதிரியே தேனீ வேஷம் போட்ட ஒரு கூட்டம். ஆல்பத்தோட அட்டைப் படத்துல இருந்த தேனீப் பொண்ணுதான் இதுக்கு மூலம். அது டிரம்மரோட தங்கச்சியோட பழைய போட்டோ, வீடியோவுல ஆடினது வேற பொண்ணு.

அவ்வளவுதான், பிச்சுக்கிட்டுப் போச்சு. பில்போர்டு ஹாட் 100ல 20வது இடம், ஆல்பம் மூணாவது இடம் வரைக்கும் ஏறுச்சு. அதே சரக்கு, பாக்கிங் மட்டும் மாறுச்சு. பாக்கிங் பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேன். அது இல்லைன்னா இந்தப் பாட்டு எனக்கு வந்தே சேர்ந்திருக்காது. ஆனா மஞ்சளும் கறுப்புமா ஒரு குட்டித் தேனீ குதிச்சிட்டு இருக்கறப்போ, படுத்துக் கிடக்கற ஆளை யார் பார்ப்பாங்க?

ஹூனையும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்த்தாங்கன்னு தோணுது. பூ வச்ச ஹிப்பி மாதிரி சிரிச்ச முகம். 1995 அக்டோபர் 21ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ்ல, குழுவோட டூர் பஸ்லயே இறந்து கிடந்தார். அளவு மீறின கொக்கெய்ன். வயசு 28. மகள் பிறந்து மூணே மாசம். அந்தப் பொண்ணு பேர்ல 1996ல 'நிகோ'ன்னு ஒரு ஆல்பம் வந்துச்சு. அதைக் கேட்டவங்க கம்மி. ஒரே பாட்டுக் குழுன்னு சொல்லிட்டுப் போறவங்க அதையும், அதுக்கு முன்னாடி வந்த 'சூப்'பையும் ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லட்டும்.

இதையெல்லாம் இப்போ எழுத ஒரு காரணம் இருக்கு. ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஒருத்தன். போன வருஷம் ஒரு செமஸ்டர் பூரா தூங்கினான். மெஸ்ஸுக்கு வர மாட்டான், கிளாஸுக்கு வர மாட்டான். எழுப்பினா சிரிப்பான், ஜோக் அடிப்பான், திரும்பப் படுத்துக்குவான். கும்பகர்ணன்னு பேர் வச்சோம். நான் அதுக்கும் ஒரு படி மேல போய், தினமும் காலையில அவன் காதுகிட்ட போனை வச்சு இந்தப் பாட்டைப் போடுவேன். எழுந்திருக்க நல்ல ஜாலிப் பாட்டாச்சே! தேர்வுக்கு முன்னாடியே அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டார். டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

போன வாரம் போன் பண்ணி பிராட் ஸ்மித் கதையைச் சொன்னேன். "டேய், என் காதுல வச்சுக் கொன்னியே, அந்தப் பாட்டா?"ன்னான். ஆமாண்டான்னேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்ட கடைசித் தேதி என்னன்னு கேட்டான்.