என் வாயில் ஒரு பக்கிங்ஹாம் கால்வாய்

ராத்திரி இரண்டே கால் மணிக்கு மயிலாப்பூரில் யாரெல்லாம் விழித்திருப்பார்கள், தெரியுமா? கூர்க்கா ஒருவர். தெருமுனை நாய்கள் மூன்று. அப்புறம் அடியேன். கூர்க்காவுக்கு அது உத்தியோகம். நாய்களுக்குப் பொழுதுபோக்கு. எனக்குப் பல்வலி.

கீழ்வரிசை, இடதுபக்கம், கடைவாய்ப் பல். பகலில் பரம சாது. காபி சூடாக இறங்கினால் மட்டும் ஒரு 'சுரீர்'. ராத்திரி தலையணையில் தலையை வைத்தேனோ இல்லையோ, தவில் கச்சேரி ஆரம்பமாகிவிடும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். ஆகவே மூன்று ராத்திரி உட்கார்ந்தே தூங்கினேன். ஆபீஸில் பழக்கம் இருந்ததால் அவ்வளவாகச் சிரமம் தெரியவில்லை.

அம்மா கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கொடுத்தாள். நாக்கு மரத்தது. உதடு மரத்தது. பல் மட்டும் விழிப்போடு இருந்தது.

எங்கள் ஆபீஸ் தி.நகரில், பாண்டி பஜார் பக்கம். ஆபீஸில் பல்வலி என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இன்கிரிமென்ட் பற்றிக் கேட்டால் வாயே திறக்காதவர்கள் எல்லாம் அன்றைக்கு பி.டி.எஸ்.!

"என்ன வேணா பண்ணுங்க சார், ரூட் கெனால் மட்டும் பண்ணிக்காதீங்க. என் மச்சானுக்கு உசிரு போய் உசிரு வந்துச்சு" என்றார் பக்கத்து சீட்.

"பிடுங்கிப் போடுங்க. விட்டது சனியன்" என்றார் கேஷியர்.

மூன்றாமவர் பேசவே இல்லை. மொபைலில் ஒரு வீடியோ அனுப்பினார். ரூட் கெனால் செய்துகொண்டால் புற்றுநோய் வருமாம்.

மூன்று பேர் சொல்வதையும் கேட்டு, நான் நான்காவதாக ஒன்று செய்தேன். அதாவது, ஒன்றும் செய்யவில்லை. மெடிக்கல் ஷாப்பில் "பல்வலிக்கு ஏதாவது குடுங்க" என்றேன். அவர் கத்தரிக்கோலால் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுத்தார். இரண்டாம் நாள் காலையில், அதிசயம்! வலி இல்லை. சுத்தமாக இல்லை. ஐஸ் வாட்டர் குடித்துப் பார்த்தேன். கொதிக்கக் கொதிக்க ரசம் குடித்துப் பார்த்தேன். ஊஹும். பல் வாயே திறக்கவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த மௌனம் இரங்கல் கூட்டத்து மௌனம் என்று அப்போது தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. கண்ணாடியில் வேறு யாரோ. இடது கன்னம் பன்னாக உப்பியிருக்கிறது. ஆபீஸ் வாசலில் முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மெஷின், என்னை மூன்று தடவை உற்றுப் பார்த்துவிட்டு 'ஆள் தெரியவில்லை' என்றது. அரைநாள் லீவு போட்டு வீடு திரும்பினேன்.

அப்பா என்னைப் பார்த்தார். டம்ளரிலிருந்து பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். ஏதோ முக்கியமாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"முப்பத்தாறு வயசுல எனக்கு முதல் பல் வலிச்சுது. பிடுங்கினேன். பத்து நிமிஷ வேலை, செலவும் கம்மி. அந்த எடம் காலியாச்சா? பக்கத்துப் பல்லு அதுல சாஞ்சுது. மேல்பல்லு கீழே எறங்கிச்சு. அதுவும் கெட்டுது. அதையும் பிடுங்கினேன். அம்பத்தெட்டுல நான் ரிடையர் ஆனேன், பல்லும் கூடவே ரிடையர். உங்கம்மா தீபாவளிக்குத் தேன்குழல் பிழியறா. நான் அதைக் காபில நனைச்சுத் திங்கறேன். சத்தமில்லாத தேன்குழல் ஒரு தேன்குழலாடா?"

அப்பா தன் பல்லைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. உடனே கிளம்பினேன்.

லஸ்ஸிலிருந்து அடையாறுக்கு 29சி. மந்தவெளி தாண்டுவதற்குள், மாநகராட்சி எந்தெந்த இடத்தில் ரோடு போட மறந்தது என்பதை என் தாடை மனப்பாடம் செய்துவிட்டது.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பல்லின் வேர் நுனியில் கறுப்பாக ஒரு நிழல், குட்டி பலூன் மாதிரி.

"வலி தானா நின்னுதா சார்?"

"ஆமாம் டாக்டர். மாத்திரையிலே சரியாயிடுச்சு."

"சரியாகலை சார். செத்துப்போச்சு. உயிர் இருந்த வரைக்கும் கத்திச்சு. இப்ப கத்தறதுக்கு உள்ளே ஆள் இல்லை."

பிறகு பொறுமையாக விளக்கினார். பல்லின் மேல்பூச்சு எனாமல். நம் உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான். அடுத்து டென்டைன். அதற்கும் உள்ளே ஒரு சின்ன அறை. அதில் நரம்பும் ரத்தக் குழாயும் கலந்த மெத்தென்ற சதை. அதற்கு பல்ப் என்று பெயர். கை காலில் அடிபட்டால் வீங்குவதற்கு இடம் இருக்கிறது. பல்லுக்குள் ஏது இடம்? நாலு பக்கமும் சுவர். சொத்தை வழியாகக் கிருமி நுழைந்து பல்ப் வீங்கினால், அது தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாக ஏறும், நசுக்கலும் கூடும். என் நடுநிசிக் கச்சேரியின் ரகசியம் இதுதான்.

கடைசியில் பல்ப் செத்துப்போகும். வலி நிற்கும். ஆனால், காலியான வீட்டில் கிருமிகள் சௌகரியமாகக் குடித்தனம் நடத்தும். வேர் நுனி ஓட்டை வழியாக இறங்கி எலும்பை அரிக்கும்.

"அப்போ நல்ல ஆன்டிபயாடிக்கா எழுதிக் குடுத்துடுங்களேன்" என்று சாமர்த்தியம் காட்டினேன்.

"மாத்திரை ரத்தத்துல போற தபால் சார். உங்க பல்லுக்குள்ளே ரத்த ஓட்டமே நின்னுபோச்சே. போஸ்ட்மேன் தெரு வரைக்கும் வருவார். பூட்டின வீட்டுக்குள்ளே எப்படிப் போவார்? வீக்கம் இருக்கறதால மாத்திரையும் தர்றேன். ஆனா, வீட்டைத் திறந்து சுத்தம் பண்ணாம இது தீராது."

எல்லாம் கிருமியால்தானா? ஆமாம். 1965ல் அமெரிக்காவில் காகெஹாஷி என்பவரும் சகாக்களும் இதை எலிகளை வைத்து நிரூபித்தார்கள். இரண்டு வகை எலிகள். ஒன்று சாதாரண எலி. இன்னொன்று கிருமியே அண்டாமல் வளர்த்த எலி. இரண்டுக்கும் பல்லில் பல்ப் தெரிகிற வரை ஓட்டை போட்டு விட்டுவிட்டார்கள். சாதாரண எலிகளுக்கு பல்ப் அழுகியது. கிருமியில்லாத எலிகளுக்கு ஓட்டை தானாகவே மூட ஆரம்பித்துவிட்டது! வாயில் கிருமியே இல்லாத ஜென்மம் எடுத்திருந்தால் எனக்கும் செலவு மிச்சம்.

"கெனால்னா என்ன டாக்டர்?" என்றேன்.

"கால்வாய்தான் சார். வேருக்குள்ளே மெல்லிசா ஓடும். இந்தப் பல்லுல சாதாரணமா மூணு இருக்கும். சிலருக்கு நாலு."

கால்வாய் என்றால் எனக்குத் தெரியாதா? பக்கிங்ஹாம் கால்வாயின் வாசனையில் வளர்ந்தவனாயிற்றே! கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எங்கள் பகுதியை 1877-78ல், தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து வெட்டவைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரையும் வைத்தார்கள். படகு போன கால்வாய். இப்போது அதன் மேலே பறக்கும் ரயில் போகிறது. நாற்றம் பழகிப்போனவர்களுக்கு, கால்வாய் சுத்தமாகிவிட்டது போலவே தோன்றும். என் பல்லும் அந்தக் கேஸ்தான்.

வைத்தியம் என்ன? அடைப்பைத் திறப்பது, தூர் வாருவது, கழுவுவது, மறுபடி சாக்கடை புகாமல் அடைப்பது. அவ்வளவுதான்.

முதலில் மரத்துப்போக ஊசி. எறும்புக்கடியைவிடக் கொஞ்சம் அதிகம். சீழ் கட்டின இடத்தில் அமிலத்தன்மை அதிகம் என்பதால் ஊசி மருந்து சரியாகப் பிடிக்காதாம். கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போட்டுவிட்டு வருபவர்கள்தான் 'உசிரு போய் உசிரு வந்த' மச்சான்கள் ஆகிறார்கள். அது வைத்தியத்தின் வலி என்பதைவிட, தாமதத்தின் வட்டி.

அடுத்து, கைக்குட்டை மாதிரி ஒரு ரப்பர் ஷீட்டை மாட்டி, கெட்ட பல்லை மட்டும் வெளியே தெரியவைத்தார். எச்சில் உள்ளே போகாது. கருவி தொண்டைக்குள் விழாது. 1864ல் நியூயார்க்கில் பார்னம் என்ற பல் வைத்தியர் கண்டுபிடித்த யுக்தி. இதில் இன்னொரு லாபம், பேஷண்ட் பேச முடியாது.

பிறகு ஊசி மாதிரி அரங்கள். மெல்லிய அரத்தின் நுனி கனம் 0.1 மில்லிமீட்டர்! வளைந்த கால்வாய்க்குள் முறியாமல் வளைந்து போக, நிக்கல் டைட்டானியம் கலந்த உலோகம். 1988ல் ஹர்மீத் வாலியாவும் இரண்டு சகாக்களும் அந்த உலோகக் கம்பியில் அரம் செய்து பார்த்தார்கள்; அதன் வாரிசுகள்தான் இன்று என் வாயில் சுற்றுகின்றன. அரம் வேர் நுனிக்கு வந்ததும் ஒரு குட்டி மெஷின் 'பீப் பீப்' என்று எச்சரித்தது. கார் ரிவர்ஸ் எடுப்பது போல.

நடுநடுவே ஒரு திரவத்தால் கழுவினார். நீச்சல் குள வாசனை. விசாரித்தால், துணி வெளுக்கும் பிளீச்சின் சொந்தக்காரர். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் புண்ணைக் கழுவிய மருந்து இதன் மூத்த சகோதரர்.

வலித்ததா என்று கேட்பீர்கள். வலிக்கவில்லை. நாற்பது நிமிஷம் வாயைத் திறந்து வைத்திருந்ததில் தாடைதான் வலித்தது. உள்ளேயிருந்து சீழ் வெளியேறியதும் மூன்று வாரத்து இறுக்கம் தளர்ந்தது. அன்றைக்கு ராத்திரி கூர்க்காவையும் நாய்களையும் நான் சந்திக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அடைப்பு வேலை. அடைக்கும் பொருளின் பெயர் கட்டா பெர்ச்சா. மலேயா பக்கத்து மரத்தின் பால். அந்தக் காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் மேலுறை. 1870ல் மெட்ராஸிலிருந்து பினாங்குக்குக் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டார்களே, அந்த யுகத்துச் சரக்கு. உப்புத் தண்ணீரையே உள்ளே விடாத பிசின், என் எச்சிலையா விடப்போகிறது? 1867ல் பௌமன் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் இதை வேருக்குள் வைத்தார். இன்றுவரை அதன் வேலை போகவில்லை. பென்ஷன்கூட இல்லாமல் உழைக்கிறது.

மேலே ஒரு தொப்பி. கிரௌன் என்பார்கள். சொத்தையும் அறையும் போக மிஞ்சிய பல் வலுவிழந்திருக்கும். தொப்பி போடாமல் முறுக்கு கடித்தால் இரண்டாகப் பிளந்துவிடும். செலவைப் பார்த்து இங்கேதான் பலர் நழுவுகிறார்கள். கையைக் கடிக்கிறது என்றால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நிற்க. இரண்டு விஷயம் சிரிக்காமல் சொல்ல வேண்டும்.

ஒன்று, அந்த வீடியோ. செத்த பல்லால் உடம்பெல்லாம் வியாதி என்ற கொள்கை நூறு வருஷப் பழசு. அதை நம்பி அமெரிக்காவில் எத்தனையோ நல்ல பல்லைப் பிடுங்கினார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதையே புதுப்பித்து 2018ல் ஒரு படம் எடுத்தார்கள். பல் மருத்துவர்களின் எதிர்ப்புக்குப் பின் 2019ல் நெட்ஃப்ளிக்ஸ் அதை எடுத்துவிட்டது. வாட்ஸ்அப் எடுக்கவில்லை.

இரண்டாவது, நிஜமான ஆபத்து. 2022-23ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனவர்களில் எட்டுப் பேர், மூளையைத் தாக்கும் ஒரு பாக்டீரியா தொற்றால் இறந்துபோனார்கள். அதை ஆராய்ந்து 2025ல் வெளியான கட்டுரை கைகாட்டியது சிகிச்சையை அல்ல. திறந்து, சரியாக மூடாமல், மறுபடி மறுபடி பயன்படுத்திய சலைன் பாட்டிலை. ஆகவே நாற்காலியில் சாய்வதற்கு முன், "கருவியெல்லாம் ஸ்டெரிலைஸ் பண்ணதா? பாட்டில் புதுசா?" என்று கேளுங்கள். ஹோட்டலில் டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தானே தண்ணீர் குடிக்கிறோம்! அதேபோல், கன்னத்து வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானாலோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டாக்டர் கேரண்டி எதுவும் தரவில்லை. "ஆறு மாசம் கழிச்சு எக்ஸ்ரே எடுப்போம். அந்தக் கறுப்பு நிழல் சின்னதாகி எலும்பு வளர்ந்திருந்தா நாம ஜெயிச்சோம். சில சமயம் திரும்பவும் பண்ண வேண்டியிருக்கும்" என்றார். நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

தொப்பி மாட்டிக்கொண்டு வந்த அன்று, பண்டிகை எதுவும் இல்லாமலே அம்மா தேன்குழல் பிழிந்திருந்தாள். அப்பா தன் பங்கைக் காபியில் நனைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது பக்கமாக் கடி."

கடித்தேன். 'கறக்' என்று சத்தம்.

அப்பா பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணு கடி" என்றார்.