நாய்க்கு இடும் மீன்

நம் தோட்டங்களில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்டபின் வாசலைக் காத்துக் கிடப்பது அதுவே. அக்காவலனுக்கு நாம் இடும் உணவு யாது? உண்டு முடித்த தட்டில் எஞ்சிய கெம்போங் மீனின் தலையும் முள்ளும், அவற்றோடு பிசைந்த குழம்புச் சோறும்.

"நாய்க்கு எதுவும் செரிக்கும், நம் பாட்டன் காலத்து நாய்கள் முள் தின்று வளரவில்லையா?" என்று பெரியோர் கேட்பதுண்டு. வளர்ந்தன, உண்மையே. ஆயினும் முள் தைத்து மடிந்தவற்றை எவரும் கணக்கு வைக்கவில்லை அன்றோ! மீன் நாய்க்கு ஆகாத உணவு அன்று. புரதம் நிறைந்த நல்லுணவே. ஆகாதது நாம் அதனை இடும் முறை என்பதே நமது துணிபு.

நாய் நம்மைப் போல் மென்று தின்பதில்லை. கவ்வியதை அப்படியே விழுங்கும். வெந்த முள்ளும் பொரித்த முள்ளும் ஒடிந்து கூர்மையாகித் தொண்டையில் தைக்கலாம், குடலையும் துளைக்கலாம். "டின்னில் வரும் சார்டின் மீனை நாம் முள்ளோடு தின்கிறோமே!" என மாணவர் வினவலாம். நல்ல வினாதான். அம்மீன் டின்னில் அடைக்கப்பட்டபின் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் வேகவைக்கப்படுவதால், அதன் முள் மெதுவாகிவிடுகிறது. வீட்டுப் பிரஷர் குக்கரிலும், முள் விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேகவைக்கலாம். குக்கர் இல்லாதோர் வெந்த மீனை உதிர்த்து, விரலால் தடவி முள்ளை நீக்கினால் போதும். பத்து நிமிட வேலைதான்.

குழம்பு முள்ளினும் நயவஞ்சகமானது. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அத்தீமை நீங்காது. ஆதலால் தாய்மார்கள் குழம்பு கூட்டுமுன்பே நாயின் பங்கைத் தனியே எடுத்து, உப்பின்றி வெறும் நீரில் அவித்தல் நலம். செலவு ஒரு காசும் கூடாது. கருவாட்டையும் உப்பு நெத்திலியையும் நாய்க்கு இடலாகாது.

சிலர் பச்சை மீனை எறிவர். அதில் புழுக்கள் இருக்கக்கூடும். சிலவகை மீன்களில் வைட்டமின் பி1 சத்தை அழிக்கும் பொருளும் உண்டு. இவ்விரண்டையும் நெருப்பு போக்கிவிடும். கெட்டுப்போன கெம்போங்கில் ஊறிய நச்சையோ நெருப்பும் போக்காது. "நாய்க்குத்தானே" என்று நாறிய மீனை மலிவாக வாங்குவது எவ்வகைச் சிக்கனம்? கடலோரத்தில் தூண்டில் போடும் சிறுவர்க்கும் ஒரு சொல்: மலாய்மொழியில் புந்தால் எனப்படும் பேத்தை மீன் சிக்கினால் கரையில் விட்டு வராதீர்கள். அதன் நஞ்சும் வேகவைத்தால் நீங்காது. மீன் நாற்றமுள்ள தூண்டில் முள்ளையும் நாய் விழுங்கிவிடும்.

நாய் முன்காலால் வாயைப் பிறாண்டி, எச்சில் ஒழுகக் குமட்டினால் முள் தைத்திருக்கலாம். நம் தொண்டையில் முள் சிக்கினால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வார்கள். அவ்வைத்தியத்தை நாயிடம் செய்யற்க. முள் இன்னும் ஆழப் புதையக்கூடும். வாய்க்குள் கைவிட்டுத் துழாவவும் வேண்டா. வளர்த்த நாயாயினும் வலியில் கடிக்கும். தாமதியாது கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க.