பின்கொடுக்காத சல்லடை

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், பார் எனப்படும் கடலடிச் சிப்பித் திட்டுகளிலிருந்து கரைக்கு வந்த முத்துகள் நேரே விலைக்குப் போனதில்லை. 20 துளை முதல் 1000 துளை வரையிலான பத்துப் பித்தளைச் சல்லடைகளில் அவை சலித்துப் பிரிக்கப்பட்டன. பின்னர் உருவமும் ஒளியும் பார்த்து ஆணி, அனதாரி, வடிவு என்று தரம் குறிக்கப்பட்டு, கழஞ்சிலும் மஞ்சாடியிலும் நிறுக்கப்பட்டன. உயர்ந்த தரத்து முத்துகளுக்கு எடை மட்டும் போதவில்லை. ஆங்கிலக் குறிப்புகள் ‘செவோ’ என்று எழுதும் ஓர் அலகு தேவைப்பட்டது. மஞ்சாடி எடையின் வர்க்கத்தில் முக்கால் பங்கை எடுத்து, அதை முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செவோ கிடைக்கும். 4 மஞ்சாடி எடையுள்ள ஒற்றை முத்து 12 செவோ பெற, அதே 4 மஞ்சாடி நான்கு முத்துகளாகச் சிதறியிருந்தால் 3 செவோவே தேறும். பெரிய முத்தின் அருமை வாய்பாட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இக்கணக்கை இன்று பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதுவோர், எடையையும் எண்ணிக்கையையும் வாங்கிச் செவோவைக் கணிக்கும் கட்டளைகளை ஒரு பெயரின் கீழ்த் தொகுப்பர், அதுவே செயற்கூறு. அத்தகைய செயற்கூறுகளைத் தாங்கிய கோப்பு தொகுதி எனப்படும். பைத்தான் 3 தமிழ் எழுத்துப் பெயர்களை ஏற்பதால் கோப்புக்கு ‘முத்து’ என்றும் செயற்கூற்றுக்குச் ‘செவோ’ என்றுமே பெயரிடலாம். விலைப்பட்டியல் போடும் வேறொரு நிரல் ‘இம்போர்ட்’ கட்டளையால் அத்தொகுதியைத் தன்னிடம் வரவழைத்து, தொகுதியின் பெயரை எழுதி, ஒரு புள்ளியிட்டு, செயற்கூற்றை அழைக்கும்.

பயில்வோர் பெரும்பாலும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். செயற்கூற்றின் கடைசி வரியில் ‘ரிட்டர்ன்’ எழுத வேண்டிய இடத்தில் ‘பிரிண்ட்’ எழுதிவிடுகின்றனர். திரையில் 12 தெரிவதால் வேலை முடிந்ததாகவும் நம்பிவிடுகின்றனர். ஆனால் அழைத்த நிரலின் கைக்கு வருவது 12 அன்று, ‘நன்’ என்னும் வெறுமைக் குறி. அதை ஒரு செவோவின் விலையால் பெருக்க முற்பட்டால் பைத்தான் வகைப்பிழை என்று நின்றுவிடும். சலித்த முத்தைத் தராசுக்கு அனுப்பாமல் அதன் அளவை மட்டும் கூவிவிட்டு நிற்கும் சல்லடைக்காரரைப் போன்றதே அச்செயற்கூறு. ‘ரிட்டர்ன்’ இருந்தும், வந்த மதிப்பை ஒரு பெயரில் பிடித்து வைக்காமலோ அடுத்த கணக்கில் சேர்க்காமலோ விட்டால், அதுவும் கைநழுவிப் போகும்.

தொகுதியை வரவழைப்பதிலும் சில நுட்பங்கள் உண்டு. வரவழைக்கும்போது கோப்பின் மேல்மட்டக் கட்டளைகள் யாவும் ஓடுவதால், சோதனைக்காக எழுதி மறந்த வரிகளும் எதிர்பாராமல் திரையில் வந்து நிற்கும். ஒரே ஓட்டத்தில் மறுமுறை வரவழைத்தால் கோப்பு மீண்டும் ஓடாது. முன்பு ஏற்றியதே பயன்படும். ஓட்டப்படும் நிரல் இருக்கும் கோப்புறையைப் பைத்தான் முதலில் தேடுவதால், தன் கோப்புக்கு ‘ரேண்டம்’ என்று பெயர் வைத்தவர், மொழியுடன் வரும் அதே பெயருள்ள தொகுதியைத் தாமே மறைத்துவிடுவார். பெயரிடுவதில் காட்டும் சோம்பல் இவ்வளவு தூரம் இழுத்துச் சென்றுவிடும்.

முத்தையா அண்ணாமலை பைத்தானின் மேல் கட்டிய ‘எழில்’ நிரல்மொழியில் செயற்கூற்றுக்கு ‘நிரல்பாகம்’ என்றும், ‘ரிட்டர்ன்’ கட்டளைக்குப் ‘பின்கொடு’ என்றும் பெயர். ‘திருப்பு’ என்னும் சொல்லைவிட இதுவே பொருத்தம். வாங்கியவர் கணக்கிட்டுக் கேட்டவரிடமே கொடுக்க வேண்டும் என்பது அச்சொல்லிலேயே இருக்கிறது.